சம்பளம் சர்க்கார், சாவி மேனேஜர். மொழி யார் பொறுப்பு?
கேரளக் கல்விச் சட்டம்: எல்லைத் தமிழர் நோக்கில் ஒரு திறனாய்வு

கேரளத்தின் கல்வி வளர்ச்சியைப் புகழாத மேடை இல்லை. அது தகுதியான புகழே. வெளிமாநிலங்களில் வாழும் நம் வீடுகளிலும் "படிப்புன்னா கேரளாதாங்க" என்று பேசக் கேட்டிருக்கிறோம். அந்தக் கேரளத்துக்குள்ளேயே, பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தியாம்பதி ஊர்களிலும், இடுக்கி மாவட்டத்தில் மூணாறு, மறையூர், வட்டவடை, பீர்மேடு, உடும்பஞ்சோலை மலைகளிலும் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசி வாழும் மக்கள் இருக்கிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கேரளத்தில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ 5 லட்சம் பேர். இவர்களுடைய பிள்ளைகளுக்கு அந்தப் புகழ்பெற்ற கல்வி எந்த மொழியில் கிடைக்கிறது? அது தொடர்ந்து கிடைப்பதற்கு யார் பொறுப்பு? இந்தக் கேள்விகள் நம் மலர்களில் அதிகம் எழுவதில்லை.

எழுந்தாலும் உணர்ச்சியோடு எழுந்து உணர்ச்சியோடு அடங்கிவிடுகின்றன. ஒரு சாரார் "தமிழை ஒழிச்சுட்டாங்க" என்பார்கள். இன்னொரு சாரார் "நம்ம ஆளுகளே தமிழ்ல படிக்க வைக்கிறதில்லையே" என்பார்கள். இரண்டு பேச்சுக்கும் நடுவே ஒரு சட்டம் இருக்கிறது. பள்ளிக்குப் பணம் எப்படி வருகிறது, ஆசிரியரை யார் வைக்கிறார்கள், பள்ளியை யார் மூடலாம் என்பதையெல்லாம் தீர்மானிக்கும் சட்டம் அது. ஓர் இலக்கியப் பனுவலை எடுத்து, அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று பார்ப்பதுதானே திறனாய்வு? அந்த முறையில் கேரளக் கல்விச் சட்டத்தை எல்லைத் தமிழர் பக்கத்திலிருந்து வாசித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சட்டம் பிறந்த கதை

முதலில் ‘எய்டட் ஸ்கூல்’ என்ற ஏற்பாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் இதை அரசு உதவி பெறும் பள்ளி என்கிறோம். கேரளத்தில் இப்படிப்பட்ட பள்ளிகள் ஏழாயிரத்துக்கு மேல் உள்ளன. அரசின் சொந்தப் பள்ளிகளைவிட இவையே அதிகம். கட்டடமும் நிலமும் தனியாருடையவை. நடத்துபவர் மேனேஜர். அவர் ஒரு தனி ஆளாக இருக்கலாம், கோயிலோ சபையோ அறக்கட்டளையோவாகவும் இருக்கலாம். ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பவர் அவர். சம்பளம் கொடுப்பது அரசு. ஊர்ப் பேச்சில் சொன்னால், "சம்பளம் சர்க்கார் குடுக்குது, சாவி மேனேஜர் கையில இருக்குது."

இந்த ஏற்பாட்டுக்கு இன்றைய வடிவம் தந்தது கேரளத்தின் முதல் அமைச்சரவை. 1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநிலம் உருவானது. சென்னை மாகாணத்தோடு இருந்த மலபார் மாவட்டம் கேரளத்துக்குப் போனது. பாலக்காடும் அதனோடு போனது. திருவிதாங்கூரிலிருந்து தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் நமக்கு வந்தன. தேவிகுளமும் பீர்மேடும் அங்கேயே நின்றன. 1957 ஏப்ரலில் இ.எம்.எஸ். நம்பூதிரிபாடு தலைமையில் அமைச்சரவை அமைந்தது. கல்வி அமைச்சர் ஜோசப் முண்டசேரி. மலையாள இலக்கியத் திறனாய்வில் பெரும் பெயர் பெற்றவர். அவர் கொண்டுவந்த கல்வி மசோதா அதே ஆண்டு செப்டம்பரில் சட்டமன்றத்தில் நிறைவேறியது.

அந்த மசோதாவுக்கு நியாயமான காரணம் இருந்தது. தனியார் பள்ளி ஆசிரியர் நிலை அப்போது பரிதாபமானது. ஒரு தொகைக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வேறொரு தொகையைக் கையில் கொடுப்பது பல இடங்களில் நடந்த வழக்கம். நினைத்தால் வேலையை விட்டு நீக்கலாம். முண்டசேரியின் மசோதா இதை உடைத்தது. ஆசிரியர் சம்பளம் அரசிடமிருந்து நேராகவோ தலைமையாசிரியர் வழியாகவோ ஆசிரியருக்கே போய்ச் சேர வேண்டும் என்றது. பணியாளர் தேர்வாணையம் தயாரிக்கும் பட்டியலிலிருந்துதான் மேனேஜர் ஆசிரியரை எடுக்க வேண்டும் என்றது. மோசமாக நடக்கும் பள்ளியின் நிர்வாகத்தை அரசு ஏற்கலாம், தேவைப்பட்டால் பள்ளியையே கையகப்படுத்தலாம் என்றது.

கிறித்தவ சபைகளும் பிறரும் கடுமையாக எதிர்த்தனர். குடியரசுத் தலைவர் ஒப்புதல் தராமல் உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார். தலைமை நீதிபதி எஸ்.ஆர். தாஸ் தலைமையிலான அமர்வு 1958 மே 22-ஆம் நாள் கருத்துரை வழங்கியது. உதவி பெறும் பள்ளிக்கு அரசு நியாயமான நிபந்தனை விதிக்கலாம். சிறுபான்மையோர்க்கு நிர்வகிக்கும் உரிமை உண்டு, கெடுக்கும் உரிமை இல்லை. ஆனால் உதவி என்ற பெயரில் அந்த உரிமையையே விலையாகக் கேட்கக் கூடாது. நிர்வாகத்தை ஏற்பது, கையகப்படுத்துவது பற்றிய பிரிவுகள் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தா. கருத்துரையின் சாரம் இது. தொடக்க வகுப்பில் கட்டணம் வாங்கத் தடை செய்த பிரிவைப் பற்றி மட்டும் ஒருவர் மாறுபட்டார். தீட்சிதர் கிருதிகளில் தோய்ந்த இசையறிஞர் என்று நம்மில் பலர் அறிந்த நீதிபதி டி.எல். வெங்கடராம ஐயர்தான் அவர்.

அதே 1958-இல் தேவிகுளம் தொகுதியில் இடைத்தேர்தல் நடந்தது. மிகக் குறைந்த பெரும்பான்மையில் நின்ற அரசுக்கு ஒவ்வோர் இடமும் உயிர்நிலை. தோட்டத் தமிழரிடம் வாக்குக் கேட்கப் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராஜன் குழுவினர் மலை மலையாக ஏறிப் பாடினர். இளையராஜாவின் அண்ணன் அவர். ரோசம்மா புன்னூஸ் வென்றார். ஆக, அந்த அரசின் நெருக்கடியான ஆண்டில் தமிழ்த் தொழிலாளியின் வாக்கு தேவைப்பட்டது. தமிழ்ப் பாட்டும் தேவைப்பட்டது. அந்த அரசின் தலையாய சட்டத்தில் தமிழ்ப் பிள்ளையின் மொழிக்கு எவ்வளவு இடம் கிடைத்தது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

திருத்திய மசோதா 1959 பிப்ரவரியில் ஒப்புதல் பெற்று அவ்வாண்டு ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதே மாதம் ‘விமோசன சமரம்’ மூண்டது. ஜூலை 31-ஆம் நாள் அமைச்சரவை நீக்கப்பட்டது. அடுத்து வந்த அரசு 1960-இல் சட்டத்தைத் திருத்தியது. தேர்வாணையப் பட்டியல் போயிற்று. தகுதியுள்ளவர்களிலிருந்து மேனேஜரே ஆசிரியரை நியமிக்கலாம் என்றாயிற்று. சம்பளம் மட்டும் அரசுப் பொறுப்பாக நிலைத்தது. இன்று வரை இதுதான் ஏற்பாடு. ஆசிரியர் வேலைக்கு மேனேஜருக்கு ‘டொனேஷன்’ கொடுப்பது பற்றிக் கேரள நாளேடுகள் எழுதி எழுதிச் சலித்துவிட்டன.

சொன்னதும் சொல்லாததும்

இனிப் பனுவலுக்கு வருவோம். ஒன்பதாம் பிரிவு சம்பளத்தைப் பேசுகிறது. பத்தாம் பிரிவு ஆசிரியர் தகுதியை. பதினோராம் பிரிவு நியமனத்தை. ஏழாம் பிரிவின் ஓர் உட்பிரிவு, மே 31-இல் முடியும் ஓராண்டு அறிவிப்புக் கொடுக்காமல் மேனேஜர் பள்ளியை மூடக் கூடாது என்கிறது. பதினான்கும் பதினைந்தும் அரசு ஏற்பதைப் பேசுகின்றன. ஒவ்வொன்றும் யாரோ ஒருவரைக் காக்கிறது. சம்பளப் பிரிவு ஆசிரியரைக் காக்கிறது. நியமனப் பிரிவு, 1960-க்குப் பின், மேனேஜரைக் காக்கிறது. அறிவிப்புப் பிரிவு ஊராரைக் காக்கிறது. சிறுபான்மைப் பள்ளி என்று சட்டம் குறிக்கும்போது, அரசியல் சாசனத்தின் 30-ஆம் உறுப்புப்படி அப்பள்ளியை நடத்தும் உரிமை உடையவரைக் காக்கிறது.

இந்தப் பிரிவுகள் எதிலும் பிள்ளையின் மொழி இல்லை. தமிழ் டிவிஷனுக்குத் தமிழ் வழியில் படித்த ஆசிரியர்தான் வர வேண்டும் என்று சம்பளப் பிரிவு நிபந்தனை போடவில்லை. தமிழ் வழி வகுப்பு உள்ள பள்ளியை மூடும்போது அந்தப் பிள்ளைகள் அடுத்து எந்தத் தமிழ் வகுப்புக்குப் போவார்கள் என்று அறிவிப்புப் பிரிவு கேட்கவில்லை. 1958 வழக்கின் வாதமும் பெரும்பாலும் மதச் சிறுபான்மையைச் சுற்றியே நடந்தது. சாசனத்தின் 30-ஆம் உறுப்பு மதத்தையும் மொழியையும் ஒரே மூச்சில் சொல்கிறது. ஆனால் நிறுவனம் உடையவருக்குத்தான் அந்த உறுப்பு கவசம். பாலா, சங்கனாசேரி சபைகளுக்குப் பள்ளிகள் இருந்தன. வழக்காடும் வலிமையும் இருந்தது. கொழுந்து கிள்ளும் தமிழ்த் தொழிலாளியிடம் இருந்தது பிள்ளை மட்டுமே. அவன் பிள்ளை படித்த பள்ளி வேறொருவருடையது, அல்லது அரசினுடையது. ஆகவே மொழிச் சிறுபான்மை உரிமை நடைமுறையில் மேனேஜரோடு நின்றுவிடுகிறது. பிள்ளை வரைக்கும் இறங்கி வரவில்லை.

சாசனத்தில் பிள்ளையை நோக்கிப் பேசும் உறுப்பும் உண்டு. மாநில எல்லைகள் மாறிய 1956-இல் ஏழாவது திருத்தத்தின் மூலம் 350-அ சேர்க்கப்பட்டது. தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெற மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குப் போதிய வசதி செய்ய ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்கிறது அது. அதன் வினைச்சொல்லைக் கவனியுங்கள். செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. முயல வேண்டும் என்கிறது. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டமும் இயன்றவரை தாய்மொழியில் என்றே சொல்கிறது. பிள்ளைக்குரிய சட்டத்தில் ‘முயல்க’, ‘இயன்றவரை’. பணத்துக்குரிய சட்டத்தில் மொழியே இல்லை. இந்த இரண்டு ஏடுகளுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் எல்லைத் தமிழ்ப் பள்ளிகள் விழுகின்றன.

எண்ணிக்கையின் கதை

அரசு பள்ளியைக் கண்காணிக்கிறதா என்றால், நன்றாகவே கண்காணிக்கிறது. ஆனால் எதைக் கண்காணிக்கிறது? தலைகளை. ஒவ்வொரு கல்வியாண்டிலும் ஆறாவது வேலைநாளில் பிள்ளைகளின் கணக்கு எடுக்கப்படுகிறது. அந்தக் கணக்கை வைத்துத்தான் எத்தனை டிவிஷன், எத்தனை ஆசிரியர் என்பது முடிவாகும். ஜூன் மாதம் பிறந்தால் எய்டட் ஆசிரியர்களுக்கு வயிற்றைக் கலக்குவது இதனால்தான். "ரெண்டு புள்ளை கொறஞ்சாலும் போஸ்ட் போயிருமுங்க" என்று வீடு வீடாகப் போய்ப் பிள்ளை பிடிக்கும் ஆசிரியர்களை அப்பகுதிகளில் காணலாம். பிள்ளைகள் மிகக் குறைந்தால் அது ‘அன்எக்கனாமிக்’ பள்ளி. வேறு நாட்டு வழக்கில் நஷ்டக் கடைக்குச் சொல்லும் சொல், இங்கே பள்ளிக்கூடத்துக்கு.

பொதுப் பணம் செலவாகும் இடத்தில் தலை எண்ணுவது தவறில்லை. இல்லாத பிள்ளைக்குச் சம்பளம் வாங்கிய கதைகளும் உண்டு. ஆனால் எல்லைத் தமிழர் தொடர்பாக இந்திய அரசு நெறிகளில் வேறு இரண்டு எண்கள் இருந்தன. அவற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, 1949-இல் மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாட்டில் ஏற்ற நெறி. ஒரு வகுப்பில் 10 பேர், அல்லது பள்ளி முழுவதும் 40 பேர் ஒரு சிறுபான்மை மொழியைத் தாய்மொழியாகக் கொண்டிருந்தால், அம்மொழியில் கற்பிக்கக் குறைந்தது ஓர் ஆசிரியரை வைக்க வேண்டும். 1956-க்குப் பின் மொழிச் சிறுபான்மைப் பாதுகாப்புகளுக்கு இதுவே அடிப்படை ஆயிற்று. இரண்டாவது, 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்ன எண். 6 முதல் 12 வயது வரையுள்ள தொழிலாளர் பிள்ளைகள் ஒரு தோட்டத்தில் 25 பேருக்கு மேல் இருந்தால், கல்வி வசதி செய்து தர முதலாளியைக் கட்டாயப்படுத்தி மாநில அரசு விதி செய்யலாம் என்றது அது.

இந்த இரண்டு எண்களும் பிள்ளைக்குக் கொடுக்கும் எண்கள்: இத்தனை பேர் இருந்தால் உனக்கு உண்டு என்று சொல்பவை. ஆறாவது வேலைநாள் எண் எடுக்கும் எண்: இத்தனை பேர் இல்லாவிட்டால் உனக்கு இல்லை என்று சொல்வது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மலைத் தோட்டத்துத் தொடக்கப் பள்ளியில் நான்கு வகுப்புகள். தமிழ்ப் பிள்ளைகள் 12, 11, 9, 8 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 40. 1949 நெறிப்படி இப்பள்ளிக்குத் தமிழ் ஆசிரியர் உரிமை. 2009 சட்டத்தின் அட்டவணைப்படி 60 பிள்ளைகள் வரை ஆசிரியர் 2 பேர். அந்த இருவரில் ஒருவருக்காவது தமிழ் தெரிந்திருக்க வேண்டும் என்று அந்த அட்டவணை சொல்லாது. பணியிடக் கணக்கில் 2 என்பது 2 தான். இருவரும் மலையாளம் மட்டும் அறிந்தவராக இருந்தாலும் கணக்கு சரியாகிவிடும். ஆய்வுக்கு வரும் ஏ.இ.ஓ. ஏட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகலாம். சட்டப்படி ஒரு பிழையும் இல்லை. பிள்ளைக்கு மட்டும் பாடம் புரியாது.

எண்ணிக்கை குறைவதும் பிள்ளையின் குற்றமன்று. இடுக்கி மாவட்டத்தின் மக்கள்தொகை 2001-இல் 11.29 லட்சம், 2011-இல் 11.09 லட்சம். வளர்வதற்குப் பதிலாகக் குறைந்த மாவட்டம் அது. தேயிலை வருமானம் குறைந்தது. இளையவர்கள் திருப்பூருக்கும் கோவைக்கும் இறங்கிப் போனார்கள். 2015 செப்டம்பரில் ‘பெண்பிளை ஒருமை’ என்ற பெயரில் மூணாற்றுத் தமிழ்ப் பெண்கள் தெருவில் அமர்ந்து போனசுக்கும் கூலிக்கும் போராடியதை நாடே பார்த்தது. கூலி போதாத இடத்தில் குடும்பம் நிற்காது. குடும்பம் நிற்காத இடத்தில் வகுப்பு நிரம்பாது. பொருளாதாரம் காலி செய்த பெஞ்சைக் காட்டி, மீதியிருக்கும் பிள்ளையின் மொழியையும் எடுத்துக்கொள்வது நியாயமா?

அரசே நடத்தினால் தீருமா?

"அப்ப மேனேஜரை எடுத்துட்டு எல்லாத்தையும் சர்க்காரே நடத்தட்டுமே" என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். கோழிக்கோடு மலாப்பறம்பு பள்ளியை நினைவுகூரலாம். 2014-இல் இரவோடு இரவாக அதன் கட்டடம் இடிக்கப்பட்டது. ஊரார் மீண்டும் கட்டினார்கள். 2016-இல் நீதிமன்ற உத்தரவால் மூட வேண்டி வந்தபோது கேரள அரசு அதையும் அதுபோன்ற வேறு சில பள்ளிகளையும் ஏற்றுக்கொண்டது. பாராட்ட வேண்டிய செயல். ஆனால் அது நடுநகரத்தில், தொலைக்காட்சிக் கேமராக்களுக்கு முன்னால், ஊரே திரண்டு நின்றதால் நடந்தது. போடிமெட்டுக்கோ வேலந்தாவளத்துக்கோ கேமரா எப்போதும் வருவதில்லை.

அரசுப் பள்ளி என்றாலே மொழி காக்கப்படும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. வடக்கே காசர்கோட்டைப் பாருங்கள். அங்கே கன்னட வழி அரசுப் பள்ளிகளுக்குத் தேர்வாணையம் தனியாகவே ஆள் எடுக்கிறது. தமிழ் வழிக்கும் அப்படியே. இருந்தும் கன்னடம் சரளமாகப் பேசத் தெரியாதவர்கள் கன்னட வகுப்புக்கு வந்துவிட்டார்கள் என்று பெற்றோரும் மாணவரும் அண்மை ஆண்டுகளில் பலமுறை போராட வேண்டியிருந்தது. சான்றிதழில் மொழி இருந்தது, நாவில் இல்லை. ஆக, நடத்துபவர் தனியாரா அரசா என்பது இரண்டாம் கேள்வி. பணம் கொடுக்கும்போது எதைச் சோதித்துக் கொடுக்கிறார்கள் என்பதே முதல் கேள்வி.

கேரளத்தை மட்டும் குறை சொல்வதும் முறையாகாது. 2017-இல் பத்தாம் வகுப்பு வரை மலையாளத்தைக் கட்டாயமாக்கிக் கேரளம் சட்டம் செய்தபோது நாம் வருந்தினோம். அதற்குப் பதினோர் ஆண்டுகளுக்கு முன், 2006-இல், தமிழ்நாடு தமிழைக் கட்டாயமாக்கியபோது அங்குள்ள தெலுங்கு, கன்னட, மலையாள, உருதுப் பிள்ளைகளின் பெற்றோரும் இப்படித்தான் வருந்தினார்கள். நீதிமன்றம் வரை போனார்கள். வாழும் மாநிலத்தின் மொழியைப் படிப்பது நல்லது, தேவையானதும்கூட. தன் மொழியை இழக்காமல் படிக்க வேண்டும் என்பதே கேட்பு. கொழிஞ்சாம்பாறையில் நமக்குக் கேட்கும் நியாயத்தை ஓசூரில் அடுத்தவருக்குக் கொடுக்கத் தயாராக இருந்தால்தான் நம் குரலுக்கு எடை உண்டு.

கடல் கடந்த இரண்டு பாடங்கள்

அரசுப் பணம், தனியார் நிர்வாகம் என்ற கூட்டு உலகுக்கே பொதுவான சிக்கல். இலங்கையில் யாழ்ப்பாணத்துச் சைவ வித்தியா விருத்திச் சங்கம் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகளை அரசு உதவியோடு நடத்தி வந்தது. 1960, 1961-ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெறும் பள்ளிகளை அரசு தன் வசம் எடுத்தது. கல்வி எல்லோருக்கும் பொதுவாக வேண்டும் என்பது சொல்லப்பட்ட காரணம். அதில் உண்மையும் இருந்தது. ஆனால் ஒரு சமூகம் தானே கட்டிய பள்ளிகளின் மீது அதற்கிருந்த பிடி ஒரே வீச்சில் போயிற்று. கண்காணிப்பு முற்றி உடைமையாக மாறினால் என்ன ஆகும் என்பதற்கு இது ஒரு பாடம்.

மறுகோடியில் அமெரிக்கா. அங்கே 1991-இல் மினசோட்டா மாநிலம் ‘சார்ட்டர் பள்ளி’ என்ற முறைக்குச் சட்டம் செய்தது. அரசுப் பணத்தில், தனிக் குழு நடத்தும் பள்ளி. நம் எய்டட் பள்ளிக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு, சார்ட்டர் என்பது காலவரையறை உள்ள ஒப்பந்தம் என்பது. என்ன கற்றுத் தருவோம், எப்படிக் கணக்குக் காட்டுவோம் என்று முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். தவணை முடிந்ததும் அனுமதி கொடுத்த அமைப்பு சோதித்துப் பார்க்கும்; சரியில்லை என்றால் புதுப்பிக்காது. லாவோஸ் போரால் அகதிகளாக அங்கே குடியேறிய மோங் மக்கள் இந்த முறையைப் பயன்படுத்திச் செயின்ட் பால் நகரில் தங்கள் மொழியும் பண்பாடும் கற்பிக்கும் பள்ளிகளை நிறுவினார்கள். புலம்பெயர்ந்த சிறு இனம் பொதுப் பணத்தில் தன் மொழிக்குப் பள்ளி பெற்றது. ஆனால் அவற்றில் ஒன்றான மோங் கல்லூரி ஆயத்தப் பள்ளி 2019-இல் 50 லட்சம் டாலரை ஒரு முதலீட்டு நிதியில் போட்டு 43 லட்சத்தை இழந்தது. மாநிலச் சட்டம் அனுமதிக்காத முதலீடு அது. நம் மொழி, நம் ஆட்கள் என்பதற்காகக் கணக்குக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இது இன்னொரு பாடம்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நமக்குத் தேவையான நடுவழி தெரிகிறது. பள்ளியைப் பிடுங்காத கண்காணிப்பு வேண்டும். பணத்தோடு மொழியையும் சோதிக்கும் கண்காணிப்பு வேண்டும். எய்டட் முறையில் 1960 முதல் பணம் தடையின்றி வருகிறது. ஆனால் ‘இந்தப் பணத்துக்கு ஈடாக இந்தப் பிள்ளைகளுக்கு இந்த மொழியில் கற்பிப்போம்’ என்று யாரும் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை.

ஒரு மறுப்பும் பதிலும்

இவ்வளவு சொன்ன பிறகும் ஒரு மறுப்பை மறைக்கக் கூடாது. பெற்றோரே தமிழ் வழியை விட்டுப் போகிறார்களே? எஸ்டேட் லயத்தில் இருக்கும் தாயைக் கேட்டால், "இங்கிலீஷ் மீடியத்துல போட்டாத்தான் புள்ள கொழுந்துக் கூடையத் தூக்காது" என்பாள். அவள் சொல்வதில் பிழை காண நமக்குத் தகுதி இல்லை. நம் பிள்ளைகளும் அங்கேதான் படிக்கிறார்கள். பயிற்று மொழியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்றோருக்கும் பிள்ளைக்கும் உரியது, அரசு திணிக்க முடியாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றமும் கர்நாடக வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

ஆனால் தேர்வு என்றால் இரண்டு கதவும் திறந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் ஆங்கிலப் பள்ளியின் வேன் வாசலுக்கு வருகிறது. மறு பக்கம் தமிழ் டிவிஷனுக்குத் தமிழ் ஆசிரியர் இல்லை. அடுத்த ஆண்டு வகுப்பு இருக்குமா என்பதும் தெரியாது. இந்த நிலையில் தாய் ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்தாள் என்று சொல்வதைவிட, மூடிய கதவை விட்டுத் திறந்த கதவு வழியாகப் போனாள் என்பதே சரி. தமிழ் வழிப் படிப்புக்கு மேலே வழி இல்லாமலும் இல்லை. கேரளத்தில் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வைத் தமிழில் எழுதலாம். சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த் துறை இருக்கிறது. ஏணியின் மேற்படிகள் இருக்கின்றன. அடிப்படியைத்தான் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் ஆட்டிப் பார்க்கிறார்கள்.

கேட்க வேண்டியவை

இத்திறனாய்வின் முடிபைச் சுருங்கச் சொன்னால் இது: கேரளக் கல்விச் சட்டம் ஆசிரியரின் சம்பளத்தைக் காத்த அளவுக்கு எல்லைப் பிள்ளையின் மொழியைக் காக்கவில்லை. காரணம் பகையன்று. பணத்தின் நிபந்தனைகளில் மொழி எழுதப்படவே இல்லை. ஆகவே எழுதச் சொல்லிக் கேட்க வேண்டும்.

கேட்க வேண்டியவை பெரியவை அல்ல. தமிழ் டிவிஷனின் கணக்கைப் பொதுக் கணக்கோடு கலக்காமல், 10 அல்லது 40 என்ற 1949 நெறியால் அளக்க வேண்டும். தமிழ் வகுப்புக்கு வரும் ஆசிரியரின் நியமனத்தை ஏற்குமுன், அவர் தமிழில் பாடம் நடத்துவதைக் கல்வி அலுவலர் நேரில் கேட்டு உறுதி செய்ய வேண்டும். மேனேஜர் நியமித்தாலும் சரி, தேர்வாணையம் அனுப்பினாலும் சரி. ஒரு தமிழ் வகுப்பை மூடும் ஓராண்டு அறிவிப்பு தமிழிலும் ஊரில் ஒட்டப்பட வேண்டும். பிள்ளைகள் அடுத்துச் சேர வேண்டிய தமிழ் வகுப்பு எது, எத்தனை கிலோமீட்டர் என்று அதில் இருக்க வேண்டும். மேனேஜர் விலகினால், பள்ளியை ஏற்க ஊராட்சிக்கோ தமிழ் அமைப்புக்கோ முதல் வாய்ப்புத் தர வேண்டும். அப்படி ஏற்பவர் ஆண்டுக் கணக்கைப் பள்ளிச் சுவரிலேயே ஒட்ட வேண்டும்.

வெளிமாநிலத்தில் இருக்கும் நாம் என்ன செய்ய முடியும்? நிறையவே முடியும். 1969-ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழிலேயே எழுத உரிமை தருகிறது. அந்த உரிமையை அறியாத உறவினர் நம் ஒவ்வொருவருக்கும் அங்கே இருப்பார்கள். அவர்களுக்கு எடுத்துச் சொல்லலாம். எந்தப் பள்ளியில் எத்தனை தமிழ் டிவிஷன், எத்தனை தமிழ் ஆசிரியர் என்பதைத் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்டு வாங்கித் தொகுக்கலாம். மொழிச் சிறுபான்மை ஆணையருக்கு அனுப்பலாம். மொழிச் சிறுபான்மை யார் என்பதை மாநிலத்தை அலகாகக் கொண்டே பார்க்க வேண்டும் என்று 2002-இல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் பதினொரு நீதிபதிகள் அமர்வு சொல்லியிருக்கிறது. கேரளத்தில் தமிழர் சிறுபான்மையினர் என்பதில் ஐயமே இல்லை. சபைகள் அந்த 30-ஆம் உறுப்பைக் கவசமாகப் பயன்படுத்தியது போல, பள்ளி ஒன்றை ஏற்று நடத்தும் தமிழ் அமைப்பும் பயன்படுத்தலாம்.

ஆண்டு விழாவில் பொன்னாடைக்கும் நினைவுப் பரிசுக்கும் ஆகும் செலவில் ஒரு பங்கை, மலையில் ஒரு தமிழ் வகுப்புக்கு அகராதியும் கதைப் புத்தகங்களும் வாங்க ஒதுக்கினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அதைவிட முக்கியம், அடுத்த ஜூன் மாதம் ஆறாவது வேலைநாளில் அந்த வகுப்பில் எத்தனை பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களுக்கு முன் நிற்கும் ஆசிரியர் எந்த மொழியில் பேசுகிறார் என்று ஒரு போன் போட்டாவது விசாரிப்பது. அரசு முதல் கேள்வியைக் கேட்டுக்கொள்ளும். இரண்டாவது கேள்வியைக் கேட்க வேண்டியவர்கள் நாம்தான்.